சிஆர்டி பேஸ்மேக்கர் பலன் தருமா என்று எக்கோ முன்கூட்டியே சொல்லுமா?

கேள்வி

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர், ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 28 சதவீதம். மாத்திரையெல்லாம் முழு அளவில் மாதக்கணக்காக ஓடுகிறது, இன்னும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஈசிஜியில் எல்பிபிபி (இதயத்தின் இடது பக்க மின்பாதையில் அடைப்பு), க்யூஆர்எஸ் (கீழறைகளில் மின்சாரம் பரவ ஆகும் நேரம்) 156 மில்லி செகண்ட். டாக்டர் சிஆர்டி (இரண்டு கீழறைகளையும் ஒன்றாகச் சுருங்க வைக்கும் பேஸ்மேக்கர்) வைக்கலாம் என்கிறார், ஆனால் மூன்றில் ஒருவருக்குப் பெரிதாகப் பலன் தெரியாது என்றும் சொல்லிவிட்டார், அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் ஒரே குழப்பம். இதயச் சுவர்கள் எவ்வளவு முன்பின்னாகச் சுருங்குகின்றன என்று எக்கோவில் அளந்து, இவருக்குப் பலிக்கும், இவருக்குப் பலிக்காது என்று பிரிக்க முடியாதா? ரிப்போர்ட்டில் அப்படி ஒரு எண்ணே இல்லை. வேறு இடத்தில் எக்கோ எடுக்கட்டுமா?

பதில் 1

அந்த எண்ணுக்காக அலைய வேண்டாம். 2008இல் வந்த ப்ராஸ்பெக்ட் ஆய்வில் 12 விதமான எக்கோ அளவுகளைச் சோதித்தார்கள், எதுவும் தனியாக நின்று ஆளைத் தேர்ந்தெடுக்கத் தேறவில்லை. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விடை வந்ததுதான் பெரிய தலைவலி. 2013இல் வந்த எக்கோசிஆர்டி ஆய்வு இன்னும் மோசம். க்யூஆர்எஸ் 130க்குக் கீழே இருந்தும் எக்கோவில் தாளம் தப்பியிருக்கிறது என்று கருவி வைத்தார்கள், பாதிப் பேருக்கு சிஆர்டியை ஓடவிட்டு மீதிப் பேருக்கு அணைத்து வைத்தார்கள். ஓடியவர்களில் இறப்பு 11.1 சதவீதம், அணைத்தவர்களில் 6.4. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்பாவின் ஈசிஜிதான் இங்கே பேசுகிறது. சைனஸ் ரிதம் (இதயத்தின் இயல்பான துடிப்புத் தாளம்), எல்பிபிபி, 150க்கு மேல் க்யூஆர்எஸ், 35க்குக் கீழ் ஈஎஃப் என்றால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகமுள்ளவர்களில் அவர் ஒருவர்.

பதில் 2

எக்கோ அறையில் வேலை பார்ப்பவள் என்பதால் சொல்கிறேன், எக்கோவை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். எண்ணை விடுங்கள், கண்ணால் பார்க்க இரண்டு விஷயம் இருக்கிறது. இதயம் சுருங்கத் தொடங்கும்போதே நடுச்சுவர் வெடுக்கென்று உள்ளே இழுத்து உடனே திரும்பும், அது செப்டல் ஃப்ளாஷ். நான்கு அறைகளும் தெரியும் காட்சியில் இதயத்தின் நுனி முதலில் நடுச்சுவர் பக்கம் சாய்ந்து, அப்புறம் பக்கவாட்டுச் சுவர் தாமதமாகச் சுருங்கும்போது அந்தப் பக்கம் ஆடும், அது ஏபிகல் ராக்கிங். இவை இருந்தவர்களுக்கு சிஆர்டிக்குப் பிறகு இதயம் சிறுத்து நிமிர்ந்ததைப் பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னொன்று, வடு. பழைய மாரடைப்பில் பக்கவாட்டுச் சுவர் மெலிந்து செத்துப்போயிருந்தால் அங்கே லெட் (கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி) வைத்து என்ன பயன்? 2012இல் டார்கெட் என்ற ஆய்வில் ஸ்பெக்கிள் ட்ராக்கிங் எக்கோ (சுவரின் ஒவ்வொரு பகுதியும் எப்படி அசைகிறது என்று பின்தொடரும் எக்கோ) மூலம், வடு இல்லாத, கடைசியாகச் சுருங்கும் இடத்தைப் பார்த்து லெட்டை வைத்தார்கள். 70 சதவீதம் பேருக்குப் பலன், வழக்கம்போல் வைத்தவர்களில் 55.

கேட்டவர்

நன்றிங்க. ஃப்ளாஷ் இல்லை என்று வந்தால் வைக்கவே வேண்டாமா?

பதில் 1

அப்படி இல்லை. அது இல்லை என்பதற்காக, இந்த ஈசிஜி உள்ளவருக்கு யாரும் சிஆர்டியை மறுப்பதில்லை. ஆய்வுகளில் 'பலன்' என்றால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் இடது கீழறை சுருங்கி முடிக்கும்போது இருக்கும் கொள்ளளவு 15 சதவீதம் குறைவதுதான். அதை எட்டாவிட்டாலும் மேலும் மோசமாகாமல் நிற்பவர்கள் உண்டு, அவர்களையும் பலனில்லாதவர்கள் கணக்கில் போட்டுவிடுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை.

பதில் 2

ஆமாம். புது எக்கோவுக்குப் பதில், இருக்கும் படத்திலேயே பக்கவாட்டுச் சுவரில் வடு தெரிகிறதா என்று கேளுங்கள், சந்தேகமென்றால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்கள். அதைக் கருவி வைப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுவது நல்லது. வைத்த பிறகு செக்கப்பில் பேசிங் சதவீதம் (மொத்தத் துடிப்புகளில் கருவி தூண்டியவற்றின் பங்கு) 100ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ட்ரா துடிப்புகள் குறுக்கே வந்து அதைக் குறைத்தால் பலனும் குறையும்.