பிள்ளைகள் முன்னெடுத்த நவம்பர் 20

ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்:

பிளஸ் ஒன் மாணவிகள் சிலர் வந்து, "மிஸ், நவம்பர் 20 திருநர் நினைவு நாள். நம்ம ஸ்கூல்ல நடத்தலாமா?" என்று கேட்டார்கள். 1998இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை தன் வீட்டிலேயே கொல்லப்பட்டதையும், மறுவருடம் அவர் நினைவாக மெழுகுவத்தி ஏற்றியதில் இந்த நாள் தொடங்கியதையும் அவர்களே தேடிப் படித்திருந்தார்கள்.

தலைமையாசிரியர் தயங்கினார். பெற்றோர் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்பது அவர் கவலை. பிள்ளைகள் சென்னை உயர் நீதிமன்றத்தின் 2021 உத்தரவை அச்செடுத்து நீட்டினார்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலேயே இதைப் பேசுவது, எந்தப் பாலினத்தவரும் போகக்கூடிய கழிப்பறை, சான்றிதழில் பெயரும் பாலினமும் மாற்றுவது எல்லாம் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த வழிகாட்டலில் இருக்கின்றன. பிரேயரில் பத்து நிமிடம் கிடைத்தது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் திருநங்கைகளைக் கூட்டமாகப் பார்ப்பது சித்திரையில், கூவாகம் திருவிழாவின்போதுதான். ஒருவரோடு உட்கார்ந்து பேசியவர்கள் மிகக் குறைவு. அதனால் அன்று ஓர் அக்காவை அழைத்திருந்தார்கள். அவர் சாவைப் பற்றிப் பேசவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டதைச் சொன்னார். "பாத்ரூம் போக பயந்து காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டேன். நான் நடக்கிற மாதிரி சார் நடந்து காட்டுவார், கிளாஸே சிரிக்கும்" என்றார்.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "உங்க பக்கத்துல யாருமே உட்காரலையாக்கா?" என்றான்.

"ஒருத்தி உட்காருவா. அவளாலதான் ஒன்பதாவது வரைக்கும் வந்தேன்."

மறுநாள் மாணவிகள் ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். யாரையும் 'ஒன்பது' என்று கேலியாகக் கூப்பிட்டால், ஆசிரியரே ஆனாலும், நடவடிக்கை வேண்டும். அலுவலகம் பக்கத்தில் பூட்டியே கிடக்கும் கழிப்பறையை எல்லாருக்கும் திறக்க வேண்டும். கழிப்பறை திறந்துவிட்டது. முதல் கோரிக்கைக்காக ஆசிரியர் கூட்டத்தில் நான் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

திருநம்பி, மதுரை:

டீச்சர், அந்தப் பிள்ளைகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண் நான்; படித்தது பெண்கள் பள்ளி. ரிப்பன் வைத்த இரட்டைச் சடையும் தாவணியும் எனக்குத் தினசரித் தண்டனை. அதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. திருநர் மாணவர்களுக்காகப் பாலினப் பாகுபாடில்லாத சீருடை பற்றியும் சொல்லி, 2021இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. ஓர் ஆசிரியர் கையேடு வெளியிட்டது. எதிர்ப்பு வந்ததும் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். பெரியவர்கள் பின்வாங்கிய இடத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். திருநர் என்றாலே திருநங்கை மட்டும்தான் என்று பள்ளிகளில் நினைக்கிறார்கள். அடுத்த வருடம் ஒரு திருநம்பியையும் கூப்பிடுங்கள். பஸ் ஏறி நானே வருகிறேன்.