அம்மாவின் கால் பெருவிரல் மூட்டுப் புடைப்பு: பட்டை கட்டினால் நிமிருமா?

கேள்வி (யாங்கூன்)
வணக்கம். இங்கே துணிக்கடை வைத்திருக்கும் என் அம்மாவுக்கு 57 வயது. வலது காலின் பெருவிரல் அடுத்த விரல்மேல் சாய்ந்துகொண்டே வர, அதன் அடிமூட்டு பாதத்தின் உட்பக்கமாகப் புடைத்து நிற்கிறது. நாளெல்லாம் நின்றபடியே துணி விரித்துக் காட்டுபவர். கடை சாத்தும் நேரத்தில் அந்த இடம் சிவந்து எரிகிறது என்கிறார். கூர்முனைச் சப்பாத்தை அவர் ஒருநாளும் அணிந்ததில்லை, இவ்வூர் வெல்வெட் செருப்புத்தான். பிறகு எப்படி வந்தது? இரவில் கட்டினால் விரல் நிமிரும் என்று விற்கும் பட்டையை வாங்கலாமா?

மறுமொழி (மோல்மேன், ஓய்வுபெற்ற தாதி)
மகளே, இது மேலே வளர்ந்த கட்டியன்று. பெருவிரலுக்குப் பின்னாலுள்ள பாத எலும்பு உட்பக்கம் விலக, விரல் எதிர்ப்பக்கம் சாய்வதால் மூட்டே துருத்திக்கொண்டு தெரிகிறது. பாதத்தின் அமைப்பு பெரும்பாலும் குடும்பவழி வருவது; இறுக்கமான காலணி அதை விரைவுபடுத்தும். பட்டை சிலருக்கு வலியைத் தணிக்கலாம், ஆனால் பெரியவர்களின் விரலை அது நிரந்தரமாக நிமிர்த்தாது. அந்தப் பணத்தில் நல்ல காலணி வாங்குங்கள். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, அம்மாவைத் தாளின்மேல் நிற்கச் சொல்லிப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையுங்கள். செருப்பை அதன்மேல் வைத்தால் எங்கே நெருக்குகிறது என்பது தெரிந்துவிடும். எரியும்போது துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். நீரிழிவு இருந்தால் அங்கே சிறு புண் வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நள்ளிரவில் திடீரென மூட்டு சூடாகி, போர்வை பட்டாலே தாங்க முடியாமல் வலித்தால், அது யூரிக் அமிலத்தால் வரும் வாதமாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் வேறு.

மறுமொழி (மாந்தலே)
சகோதரிக்கு வணக்கம். என் மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. முதலில் பார்த்த இடத்தில் புடைப்பை மட்டும் சீவிவிடலாம் என்றார்கள். எலும்பின் சாய்வு அப்படியே இருக்க, சீவி என்ன பயன் என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. அடுத்த மருத்துவர் நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார். விரலின் சாய்வு 15 டிகிரிக்குள் இருப்பதே இயல்பு என்று விளக்கி, எலும்பை வெட்டி நகர்த்தித் திருகாணியால் பொருத்தினார். ஆறு வாரம் தனிக் காலணியோடுதான் நடந்தாள், வீக்கம் முழுதும் வடிய ஆறு மாதமாயிற்று. அத்தனை நாள் கடையை யார் பார்ப்பது என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வலி நடையைத் தடுக்காதவரை, தோற்றத்துக்காக மட்டும் கத்தி வைக்க வேண்டாம்.

கேட்டவர்
நன்றி அம்மா, நன்றி அண்ணா. நேற்று மாலை வரைந்து பார்த்தேன்: புடைப்பு செருப்பின் விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் வெளியே நிற்கிறது, சரியாக அதே இடத்தில் வார் தேய்ந்து நூல் பிரிந்திருக்கிறது. தாளைக் கையில் எடுத்த அம்மா, பெகூவில் இருந்த பாட்டியின் காலும் இப்படியேதான் இருந்தது என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு காலணிக் கடைக்குப் போகிறோம்.