நூலகர் துப்பறியும் கதையை வண்ணாரப்பேட்டையில் வைத்தால் நிற்குமா?

சிமெட்ரி ரோடு வாசகி:

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். கொஞ்ச நாள் கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் நாவல் முடிக்கிறவர் அம்மா. டிவியும் கிடையாது என்றதும் வீட்டில் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கடைசியில் என் போனில் இருந்த ஆங்கில நாவல்களை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தமிழில் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன்.

எல்லாம் ஒரே ரகம்தான். சின்ன ஊர், அங்கே ஒரு லைப்ரரி, அதில் வேலை பார்க்கிற ஒருவர், ஒரு கொலை. ரத்தம் கண்ணில் படாது. முதலில் சார்லெய்ன் ஹாரிஸ் 1990இல் தொடங்கிய அரோரா டீகார்டன் வரிசை, மொத்தம் பத்து நாவல்கள். ஜார்ஜியா மாநிலத்தில் லாரன்ஸ்டன் என்று ஒரு கற்பனை ஊர். பழைய கொலை வழக்குகளைக் கூடிப் பேசுவதற்கென்றே ஒரு சங்கம், அதில் அரோராவும் உறுப்பினர். ஒரு கூட்டத்தன்று அந்த இடத்திலேயே ஒரு பெண் பிணமாகக் கிடக்கிறாள். அதுவும் அன்றைக்குப் பேச இருந்த பழைய வழக்கில் நடந்த மாதிரியே. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது மிராண்டா ஜேம்ஸ் 2010இல் ஆரம்பித்த வரிசை. மிஸிஸிப்பியில் அதீனா என்கிற ஊர், மனைவியை இழந்த சார்லி ஹாரிஸ் என்ற நூலகர், அவரோடு கயிறு கட்டிக்கொண்டு நடந்து வரும் டீசல் என்கிற பெரிய பூனை. "நம்ம தெருவுல அப்படி ஒரு நாள் நடந்து பார்க்கச் சொல்லு, நாய் விடுமா?" என்றார் அம்மா. நாலு நாள் கழித்து இன்னொரு குறை: "இவங்கள்லாம் எப்ப வேலை பார்க்குறாங்க?" அப்புறம் ஒரு நாள், "எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்ச ஊருதானே வேணும்? நம்ம தெரு போதாதா?" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

நான் எழுத நினைக்கிற கதை இப்படி. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கிளை நூலகம், அதற்கு ஒரு நூலகர் அக்கா. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர் இறந்துபோகிறார். வீட்டுப் பரணில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. அட்டை இல்லை, முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பக்கங்களும் கிழிக்கப்பட்டிருக்கின்றன. முப்பது வருஷத்துக்கு முன் தொலைந்த நூலகப் புத்தகம் அது என்று அக்கா கண்டுபிடிக்க வேண்டும். யார் எடுத்துப் போனது என்றும்தான். அது எப்படி முடியும்? லைப்ரரியில் வேலை செய்த யாராவது சொல்லுங்கள். தமிழில் இந்த மாதிரி ஏற்கெனவே இருந்தாலும் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கண் சரியாகிக்கொண்டு வருகிறது.

காசிமேட்டுக்காரன்:

அக்கா, முதலில் ஒரு கும்பிடு. நம்ம ஏரியா என்றாலே கையில் கத்தியைக் கொடுத்துத்தான் சினிமாவில் அனுப்புகிறார்கள். லைப்ரரி சாவியைக் கொடுத்து அனுப்ப ஒருத்தர் வந்தீர்களே.

ஆனால் கொலை வேண்டாமே. கொலை என்று எழுதின உடனே படிக்கிறவன் பழைய படத்தைத்தான் மனசில் ஓட்டுவான். ஏதாவது காணாமல் போகட்டும். கேரம் கிளப்பில் பரிசு ஆட்டத்துக்கு முதல் நாள் ஒருத்தனுடைய ஸ்ட்ரைக்கர் காணோம் என்று வையுங்கள். எங்கள் பக்கம் அது கொலைக்குச் சமானம். வெளிநாட்டுக் கதையில் பூனை, கேக் கடை என்று வருகிற இடத்தில் நமக்கு கேரம் போர்டும் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையும் போதும். சேதி பரவ தண்ணி லாரி வரிசை இருக்கிறது.

ஓய்வு நூலகர்:

மேடம், நான் வடசென்னைக் கிளை நூலகங்களில் வேலை பார்த்தவன். உங்கள் கேள்வியில் பாதி சுலபம், பாதி நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டம்.

சுலபமானது, புத்தகம் யாருடையது என்பது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிவேட்டில் ஒரு சேர்க்கை எண் உண்டு. அதை முன்பக்கத்தில் மட்டும் எழுத மாட்டோம். உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் முத்திரை குத்தி எண் போடுவோம். ரகசியப் பக்கம் என்று அதற்குப் பெயர். ஒரு நூலகத்தில் எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பக்க எண்தான். திருடுகிறவன் அட்டையைக் கிழிப்பான், தலைப்புப் பக்கத்தைக் கிழிப்பான், இந்தப் பக்கம் அவனுக்குத் தெரியாது. உங்கள் அக்கா புத்தகத்தைக் கையில் வாங்கினதும் நேராக அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார். பேசிக்கொண்டே புரட்டுவார், அதுதான் அழகு.

கஷ்டமானது, யார் எடுத்தார் என்பது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன் நாங்கள் பயன்படுத்தியது பிரவுன் முறை. புத்தகத்துக்குள் ஒரு சின்ன அட்டை இருக்கும். நீங்கள் இரவல் வாங்கும்போது அதை எடுத்து உங்கள் உறுப்பினர் டிக்கெட்டின் பைக்குள் செருகி, தேதி வாரியாக ஒரு தட்டில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் அட்டை புத்தகத்துக்குப் போகும், டிக்கெட் உங்களுக்கு வரும். முடிந்தது. யார் எடுத்தார் என்று எங்கும் எழுத்தில் மிஞ்சாது. புத்தகத்தில் ஒட்டியிருக்கும் தவணைத் தாளில் திருப்ப வேண்டிய தேதி மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஆகவே போன வருஷம் இதைப் படித்தவர் யார் என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. ஆனால் புத்தகம் திரும்பாவிட்டால் அந்த டிக்கெட்டும் தட்டிலேயே கிடக்கும். முப்பது வருஷமாக ஒரு மேஜை டிராயரில், ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் கிடக்கட்டும். உங்கள் கதைக்கு அது உதவும்.

இன்னொன்று. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். எங்களுக்கு அது வேலை, உங்கள் அக்காவுக்கு அதுவே துப்பு. காலையில் தந்தி பேப்பரின் எந்தத் தாளை யார் முதலில் பிடுங்குவார், யார் மருத்துவப் புத்தகத்தை வேறு புத்தகத்துக்குள் வைத்துப் படிக்கிறார், எல்லாம் எங்களுக்குத் தெரியும். சொல்ல மாட்டோம். வாசகர் பற்றித் தெரிந்ததை ரகசியமாக வைக்க வேண்டும் என்று அமெரிக்க நூலகச் சங்கம் 1939இலேயே தன் நெறிமுறையில் எழுதி வைத்தது. போலீஸ்காரர் வந்து கேட்டால் அக்கா என்ன செய்வார் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். கதை அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஒரு திருத்தம்: எங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடந்தது என்று எழுதிவிடாதீர்கள், வாசகர்கள் சிரிப்பார்கள்.

பெரம்பூர் பாசஞ்சர்:

தமிழில் நூலகரே துப்பறியும் வரிசை எதுவும் நான் படித்ததில்லை. ஆனால் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டே துப்பறிகிறவர் நமக்குப் புதுசு இல்லை. எழுத்தாளர் தேவனின் துப்பறியும் சம்பு ஒரு வங்கி குமாஸ்தாதானே! அசட்டுத்தனமாக ஏதோ செய்வார், குற்றவாளி மாட்டிக்கொள்வான். அம்மாவுக்கு மறுபடி அதைக் கொடுங்கள்.

1930இல் முதல் நாவலில் வந்த அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளையும் பாருங்கள். லைப்ரரி இல்லை, கிராமத்துப் பாட்டிதான். சந்தேகப்படுகிற ஆளைப் பார்த்ததும் "எங்கள் ஊரில் இதே மாதிரி ஒருத்தன்" என்று ஆரம்பிப்பார். நம் தெருவில் எந்த ஆயாவும் செய்கிற வேலைதான் அது.

காசிமேடு தம்பி சொன்ன ஸ்ட்ரைக்கர் நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கு நூலகர் எதற்கு? கேரம் மாஸ்டரே கண்டுபிடித்துவிடுவாரே.

சிமெட்ரி ரோடு வாசகி:

ஐயா, நீங்கள் எழுதினதை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். டிராயரில் கிடக்கும் டிக்கெட் என்றதும் முகம் மாறிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த ஒரு புத்தகத்தை அம்மா திருப்பிக் கொடுக்கவே இல்லையாம். வீடு மாறினபோது எங்கேயோ போய்விட்டதாம். எந்த லைப்ரரி, என்ன புத்தகம் என்று எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எனக்குக் கதை மாறிவிட்டது. புத்தகத்தை எடுத்தது தாத்தா இல்லை, அக்காவின் அம்மா. டிராயரைத் திறக்கும் அக்கா அந்த டிக்கெட்டில் யார் பெயரைப் பார்ப்பார் என்று தெரிகிறதா? போலீஸ்காரரும் பக்கத்திலேயே நிற்கிறார்.

காசிமேடு தம்பி, ஸ்ட்ரைக்கரை இரண்டாவது கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். ஐயா, கடைசியாக ஒன்று: ரகசியப் பக்கம் பொதுவாக எத்தனையாவது பக்கம்?

ஓய்வு நூலகர்:

கதையில் நீங்களாக ஒரு எண் போட்டுக்கொள்ளுங்கள் மேடம். எங்கள் எண்ணைக் கேட்காதீர்கள், அந்தப் புத்தகங்கள் இன்னும் அலமாரியில்தான் இருக்கின்றன. அம்மா எந்த லைப்ரரி என்று சொன்னால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.