மறு: சிஜிநாட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது? – "கூட்டு முகவரி"

அனைவருக்கும் வணக்கம்.

நம் சொற்களஞ்சியத்துக்கான இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். வீட்டிலேயே தளம் நடத்தும் கணினிக்கு (ஹோம் சர்வர்) "வீட்டு வழங்கி" என்பதில் ஏறக்குறைய ஒத்துப்போய்விட்டோம். சேவையகம் என்று எழுதிப் பழகியவர்கள் "வீட்டுச் சேவையகம்" என்றே எழுதட்டும், படிப்பவருக்கு ஒரு குழப்பமும் வராது. இழுத்துக்கொண்டே போவது சிஜிநாட்தான், அதாவது இணைய நிறுவனம் ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பொதுவாக வைத்து ஓட்டும் முறை. அதற்கு "கூட்டு முகவரி" என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வீட்டில் வழங்கி வைக்க ஆசைப்பட்டு இறங்குபவர்கள் ஏன் வேலை செய்யவில்லை என்றே தெரியாமல் கைவிடும் இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> "நிறுவனத் தர வலையமைப்பு முகவரி பெயர்ப்பு" என்று முழுமையாகவே பெயர்த்துவிட்டால் பொருள் விடுபடாதே?

அது இணைய நிறுவனத்தின் அறையில் இருக்கும் கருவிக்கான பெயர். அந்தக் கருவியை இயக்கும் பொறியாளருக்கு அது சரி. வீட்டில் ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்துக்கொண்டு "என் தளம் ஏன் வெளியே தெரியவில்லை" என்று கேட்பவருக்கு, தன் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் பெயர்தான் வேண்டும்.

அந்த நிலை எப்படி வந்தது என்று பாருங்கள். இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதன் பழைய வகையான ஐபிவி4இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. 2011 பிப்ரவரியில் உலக அளவிலான கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரலில் ஆசிய-பசிபிக் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் ஏப்னிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன் பிறகு பெரிதாக வளர்ந்த நிறுவனங்களுக்கு வீட்டுக்கு ஒரு முகவரி கொடுக்கக் கட்டுப்படியாகாது. ஒரே முகவரியில் பல வீடுகளை வைத்து ஓட்டுகிறார்கள். ஒரு முகவரிக்கு 65,536 வாயில் (போர்ட்) எண்கள் உண்டு. அதைக் கூறுபோட்டு வீட்டுக்குக் கொஞ்சம் என்று ஒதுக்குவது ஒரு வழக்கம். வீட்டிலிருந்து கிளம்பும் கோரிக்கைகளுக்கு இது தாராளமாகப் போதும். யார் கேட்டது என்று கருவி குறித்துக்கொண்டு, பதில் வந்ததும் அந்த வீட்டுக்கே அனுப்பிவிடும்.

வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து, இணையதளங்களுக்கான 443ஆம் வாயிலைத் தட்டினால்தான் சிக்கல். அந்த முகவரியில் 443 ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. எந்த வீட்டுக்கு விடுவது என்று கருவிக்குத் தெரியாது, வந்த தரவுப் பொதியை (பாக்கெட்) தள்ளிவிடும். நம் திசைவியில் (ரவுட்டர்) எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை, பொதி அங்கே வந்து சேர்வதே இல்லை.

கூட்டுப் பட்டாவில் நிலம் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. உழுவதற்கும் அறுப்பதற்கும் தடை கிடையாது. தன் பங்கை மட்டும் காட்டி ஒரு காரியம் செய்யப் போனால், உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கி வா என்பார்கள். கூட்டு, தனி என்ற இந்த இணை மக்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே முகவரிக்கும் எடுத்துக்கொள்ளலாம்: கூட்டு முகவரி, தனி முகவரி.

> யாழ்ப்பாணத்தில் பட்டா என்றால் சின்ன லாரி. எங்களுக்கு இது ஒட்டாது.

உண்மைதான். நீங்கள் காணி உறுதி என்பீர்கள். ஆனால் சொல்லில் பட்டா இல்லையே. கூட்டுறவும் கூட்டுக் குடும்பமும் இரண்டு கரையிலும் உண்டு. பலர் சேர்ந்து ஒன்றை வைத்திருப்பது என்ற பொருள் அங்கேயும் அப்படியே விளங்கும் என்று நினைக்கிறேன். விளங்காது என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

> "பகிர் முகவரி" இன்னும் நெருக்கமாக இல்லையா? தரநிலை ஆவணமும் பகிர்வு என்றுதானே சொல்கிறது?

வினைத்தொகையாக அழகான சொல். ஆனால் இன்று எல்லாச் செயலியிலும் "பகிர்" என்பது ஒரு பொத்தான். "பகிர் முகவரி" என்று திரையில் பார்த்தால் முகவரியை யாருக்கோ அனுப்பச் சொல்வதாகத்தான் கை போகும். இன்னொன்று, ஆவணம் அந்தச் சொல்லை வேறொன்றுக்கு வைத்திருக்கிறது. 2012 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6598 என்ற அந்த ஆவணம் ஒதுக்கியது 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதியை. இது நிறுவனத்தின் கருவிக்கும் நம் திசைவிக்கும் நடுவில் புழங்கும் முகவரி. எல்லா நிறுவனங்களும் இதே தொகுதியைத் தத்தம் வலைக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதால் அங்கே பகிர்வு என்கிறார்கள். நாம் பேசுவது கருவிக்கு அந்தப் பக்கம், பல வீடுகளுக்கும் சேர்த்து வெளியுலகுக்குத் தெரியும் முகவரியை. நடுவில் இருப்பதை "இடை முகவரி" என்று தனியாகச் சொல்லிவிடலாம்.

சொற்களஞ்சியத்தில் சோதிக்கும் வழியையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். திசைவியின் நிலைப் பக்கத்தில் "வான் ஐபி" (WAN IP) என்ற வரியைப் பாருங்கள், அது திசைவியின் வெளிப்பக்க முகவரி. பிறகு உங்கள் ஐபிவி4 முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் தனி முகவரி. திசைவியில் 100.72 என்று தொடங்கி, தளத்தில் முற்றிலும் வேறு எண் காட்டினால் கூட்டு முகவரி. சில நிறுவனங்கள் நடுவில் 10 என்று தொடங்கும் எண்ணையும் வைப்பதுண்டு.

> தனி முகவரி என்பது 192.168 என்று தொடங்குவதற்கு அல்லவா புழங்குகிறது?

இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு இது. ஆமாம், சிலர் அப்படி எழுதுகிறார்கள், வேறு சிலர் "தனியார் முகவரி" என்கிறார்கள். தனியார் என்றதும் தனியார் பள்ளி, தனியார் பேருந்துதான் நினைவுக்கு வரும், வீட்டுக்குள் புழங்கும் எண் வராது. வீட்டு வலைக்குள் மட்டும் செல்லுபடியாவதை "அக முகவரி" என்றும், வெளியுலகம் அறிவதைப் "புற முகவரி" என்றும் வைத்தால் மோதல் தீர்ந்துவிடும். புற முகவரி தனியாகவும் இருக்கலாம், கூட்டாகவும் இருக்கலாம். தனி, கூட்டு இரண்டையும் புற முகவரிக்கு மட்டுமே ஒதுக்கிவிடுவோம்.

> எல்லாவற்றுக்கும் "நிலையான ஐபி" வாங்கினால் போதுமே, புதுச் சொல் எதற்கு?

புதுச் சொல் வேண்டும் என்று நான் நிற்பதே இதற்காகத்தான். தெரிந்த ஒருவர் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஸ்டேடிக் ஐபி வேண்டும் என்று கேட்டார், அதற்குத் தனிக் கட்டணம் சொன்னார்கள், மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு வேண்டியது தனி முகவரி மட்டும்தான். அது நாளுக்கு நாள் மாறினாலும் கவலையில்லை. மாறியதும் தளத்தின் களப்பெயர் (டொமைன்) பதிவைத் தானே திருத்தும் ஒரு சிறு நிரல் வழங்கியில் ஓடினால் போதும். நிலையானதா மாறுவதா என்பது ஒரு கேள்வி, தனியா கூட்டா என்பது வேறு கேள்வி. சொல் இல்லாததால் இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. "என்னைக் கூட்டு முகவரியிலிருந்து எடுத்துவிட முடியுமா" என்று கேட்டால் கூடுதல் கட்டணமில்லாமல் மாற்றிக் கொடுக்கும் உள்ளூர் ஃபைபர்காரர்கள் இருக்கிறார்கள்.

எடுத்துவிட மறுத்தாலும் வழி இருக்கிறது. தனிப் புற முகவரி உள்ள ஒரு சின்ன வாடகை வழங்கியை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்ட் என்ற மென்பொருளால் ஒரு சுரங்கவழி (டனல்) போடலாம். இணைப்பை வீடு தொடங்குவதால் கூட்டு முகவரி தடுக்காது. 25 நொடிக்கு ஒருமுறை சும்மா ஒரு பொதி அனுப்பும்படி அமைத்தால் நடுவில் இருக்கும் கருவி இணைப்பை மறக்காது. புதிய முகவரி வகையான ஐபிவி6 இருந்தால் இன்னும் எளிது, வீட்டுக்கே ஒரு முகவரித் தொகுதி வந்துவிடும். ஆனால் ஐபிவி4 மட்டும் வைத்திருக்கும் வாசகருக்கு உங்கள் தளம் தெரியாது. திசைவியின் தீயரணும் (ஃபயர்வால்) உள்ளே வருவதை இயல்பாகவே மறிக்கும். அதைத் திறக்க ஓர் அமைப்பே தராத திசைவிகளும் உண்டு.

சிஜிநாட் என்ற ஒலிபெயர்ப்பைத் தூக்கிவிடச் சொல்லவில்லை. தேடுவதற்கும் நிறுவனத்தோடு பேசுவதற்கும் அது தேவை. முதல் முறை வரும்போது "கூட்டு முகவரி, அதாவது சிஜிநாட்" என்று எழுதிவிட்டு அப்புறம் கூட்டு முகவரி என்றே தொடரலாம்.

பதிவுக்கு என் வரைவு:

கூட்டு முகவரி: இணைய நிறுவனம் ஒரே புற முகவரியைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுத்திருக்கும் நிலை. இந்நிலையில் வெளியிலிருந்து தொடங்கும் இணைப்பு வீட்டை அடையாது. வீட்டிலிருந்து தொடங்கும் இணைப்பு தடைபடாது.

இதில் வாயில் என்று எழுதியிருப்பதை ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். துறை என்றால் "443ஆம் துறை" ஏதோ அரசுத் துறை மாதிரி நிற்கிறது. வாயில் என்றால் நுழைவாயிலோடு இடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இங்கே வேண்டாம். அக முகவரி, புற முகவரி, இடை முகவரி, கூட்டு முகவரி நான்குக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் நானே பதிவேற்றிவிடுகிறேன்.

நன்றி.