ஏற்றத்தில் நடை உண்டா, இல்லையா?

காட்பாடிக்காரன்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஆங்கிலத்தில் 'ஹைக்' என்ற ஒரே சொல் நெடுநடைக்கும் விலை உயர்வுக்கும் பொருந்துமாம், தமிழுக்கு அந்த வசதி கிடையாதாம். மலையேற்றம், விலையேற்றம் இரண்டையும் அவர் காதில் வாங்கியதே இல்லையா? நேதாஜி மார்க்கெட்டில் கத்திரிக்காய் விலையைக் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.

வெயிலூரான்:
அந்த 'ஒருவர்' நான்தான். நேராகவே திட்டியிருக்கலாம். நான் கேட்டது நடை, நீங்கள் காட்டுவது ஏறுதல். பாலாற்று மணலில் நாள் முழுக்க நடந்தாலும் அது ஹைக்தான். அதை ஏற்றம் என்று எந்தத் தமிழன் சொல்வான்?

பழைய வாத்தியார்:
தம்பி, ஆடு ஆட்டம் ஆனதுபோல ஏறு ஏற்றம் ஆயிற்று. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் மரத்துக்கும் ஏற்றம் என்றுதான் பெயர். அணைக்கட்டுப் பக்கம் என் தாத்தா ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவன் நான். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு ஏற்றமரத்தின்மேல் அவர் முன்னும் பின்னும் நடப்பார். மரம் தாழ்ந்து எழும். கீழே சித்தப்பா, தண்ணீர் மொண்டுவரும் சால் என்ற வாளியைக் கவிழ்ப்பார். விடியலில் தொடங்கினால் வெயில் ஏறும்வரை அந்த நடைதான். நடை இல்லாமல் ஏற்றமே கிடையாது!

வெயிலூரான்:
ஒரே மரத்தில் முன்னும் பின்னும் போவது நெடுநடையா? அப்படியானால் ஊஞ்சலில் ஆடியவர்கள் எல்லாம் காசிக்குப் போய்வந்தவர்கள்.

முள்ளுக்கத்திரி:
நடையை விடுங்கள். 'விலையேற்றம்' என்பதே ஏமாற்று. விலை தானாக ஏறுகிறதா, யாராவது ஏற்றுகிறார்களா? எங்கள் இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பறித்துக் கொடுக்கும் எங்களுக்கு என்ன ஏறியது?

பழைய வாத்தியார்:
ஏறு தன்வினை, ஏற்று பிறவினை. ஏற்றம் இரண்டிலிருந்தும் வரும். அதுதான் அந்தச் சொல்லின் அழகு. ஹைக்கின் கதை என்ன? இங்கிலாந்தின் வட்டார வழக்கில் விறுவிறுவென்று நடப்பது. பிறகு அமெரிக்காவில் காற்சட்டையை மேலே இழுத்துவிடுவது, சம்பளத்தையும் விலையையும் ஏற்றுவது. காற்சட்டை இழுத்த சொல்லுக்கா இவ்வளவு பெருமை?

காட்பாடிக்காரன்:
அப்படிப் போடுங்கள் ஐயா! சோளிங்கர் பெரிய மலையில் 1305 படி. இறங்கும்போது முழங்கால் சொல்லும் அது நடையா இல்லையா என்று.

வெயிலூரான்:
2024இலிருந்து அங்கே ரோப் கார் ஓடுகிறது. உட்கார்ந்துகொண்டே மேலே போகிறவரும் ஏற்றம்தான் செய்கிறார். நடை எங்கே? தவிரவும், சோளிங்கர் நம் வேலூர் மாவட்டமே இல்லை. 2019இலேயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது.

காட்பாடிக்காரன்:
பழைய வட ஆற்காடு மாவட்டத்தை 1989இல் ஒரு முறை பிரித்தார்கள், மிஞ்சிய வேலூரை 2019இல் மூன்றாக்கினார்கள். எனக்கு எல்லாம் வட ஆற்காடுதான். ஏலகிரியும் எங்கள் மலைதான்.

முள்ளுக்கத்திரி:
ஏலகிரி இப்போது திருப்பத்தூர் மாவட்டம், அந்த ஊர்க்காரர்கள் படித்துவிடப் போகிறார்கள். என் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

பழைய வாத்தியார்:
இந்த வெயிலூரான் போன மாதம் இங்கே 'சந்தை' என்ற சொல்லைப் பற்றிய சண்டையிலும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். முப்பது வருடம் வகுப்பில் நின்றவனுக்கு இது புதிதல்ல. மறுபடி சொல்கிறேன்: என் தாத்தா நடந்தார்.

வெயிலூரான்:
உங்கள் தாத்தா எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு நடந்தார் ஐயா?

பழைய வாத்தியார்:
மரத்தின் அடியிலிருந்து நுனிக்கு. நுனியிலிருந்து அடிக்கு. அவர் நடந்த நடையில்தான் இரண்டு ஏக்கர் நெல் விளைந்தது.

வெயிலூரான்:
நெல்லைப் பற்றி நான் கேட்கவே இல்லையே.