மலை இறக்கத்தில் மோட்டார்ஹோம்: பிரேக் தாங்குமா, ஃபிரிட்ஜ் ஓடுமா?

கேள்வி:
வணக்கம். இந்தக் கோடையில் காட்டு மலைப்பாதையில் பத்து நாள் பயணம். பெட்ரோல் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வீட்டு வண்டி), ஆட்டோமேட்டிக், சுமையோடு 5 டன். கடைசி முகாம் 2,400 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து 12 கி.மீ.க்கு விடாமல் 7 சதவீத இறக்கம். பிரேக் தாங்குமா? கேஸில் ஓடும் அமோனியா ஃபிரிட்ஜ் அந்த உயரத்தில் வேலை செய்யுமா? முகாமிலிருந்து ஒரு நடை உண்டு: போய்வர 14 கி.மீ., ஏற்றம் 900 மீட்டர். ஒரு பகலில் முடியுமா?

பதில் 1:
பிரேக்கை மட்டும் நம்பினால் தாங்காது. 5 டன் வண்டி 840 மீட்டர் கீழே இறங்குகிறது. அதில் வெளிப்படும் ஆற்றல் 120 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை இன்ஜின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பேட் (சக்கர டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை).

இறக்கம் தொடங்குவதற்கு முன்பே 40 கி.மீ. வேகத்துக்கு வந்து கியரை 2-இல் பூட்டுங்கள். இன்ஜின் இரையும், பயப்பட வேண்டாம், ஆர்.பி.எம். (இன்ஜின் சுழலும் வேகம்) மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை கெடுதல் இல்லை. வேகம் 50-ஐத் தொட்டால் அழுத்தமாக மிதித்து, மூன்று நான்கு விநாடியில் 40-க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் பெரிய தவறு. பேட் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது.

பிரேக் ஆயில் மாற்றி 2 ஆண்டு ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி; ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி சேரும், பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

கேட்டவர்:
நன்றி. வழியில் கருகல் வாசனை வந்தால் தண்ணீர் ஊற்றலாமா?

பதில் 1:
கூடவே கூடாது, சூடான டிஸ்க்கில் விரிசல் விழலாம். அகலமான இடத்தில் ஒதுக்கி, கியரை 'பி'யில் (பார்க்கிங்) போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

பதில் 2:
ஃபிரிட்ஜுக்கு உயரத்தைவிடச் சாய்வுதான் எதிரி. அதில் பம்ப் கிடையாது. அமோனியாக் கரைசல் புவியீர்ப்பில்தான் ஓடுகிறது. வண்டி சாய்ந்து நின்றால் கரைசல் தேங்கி, கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகி, துருத் தடுப்பு மருந்து படிகமாகிக் குழாயை அடைக்கும். அடைத்தால் பழையபடி சரிசெய்ய முடியாது. ஆகவே முகாமில் முதல் வேலை, ரசமட்டம் வைத்துப் பார்த்து டயருக்கடியில் பலகை கொடுப்பது.

1,700 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் சில ஃபிரிட்ஜ்களில் கேஸ் தீ அணைந்துவிடும். முகாமில் மின் இணைப்பு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். 12 வோல்ட் பேட்டரியில் இரவு முழுக்க ஓட்டாதீர்கள், காலையில் பேட்டரி காலி. அடர்ந்த மரநிழலில் சோலார் பேனலும் கைகொடுக்காது.

பதில் 3:
நடை நேரத்துக்கு நைஸ்மித் கணக்கு (மலைநடைக்கான தோராய விதி): 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி. உங்களுக்கு சுமார் 4 மணி 20 நிமிடம். ஓய்வும் வெயிலும் சேர்த்து 7 மணி வையுங்கள். காலை 6-க்குக் கிளம்புங்கள். கோடை மலைகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கட்டும். நண்பகலுக்குள் உச்சியைவிட்டு இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். ஓடைநீரைக் குடிப்பதானால், 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் தளதளவெனக் கொதிக்க வேண்டும்.