ரெண்டே டயோசிஸ் இருந்தா மேல யாரு?

தென்காத்து:
நாங்க சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை), எங்களுக்கு சேகரம், டயோசிஸ் (ஒரு பிஷப் பொறுப்புல இருக்கிற பகுதி), மேல சினட் (சபையோட உச்ச மன்றம்), அதுக்குத் தலைவரா மாடரேட்டர்னு ஒரு வரிசை இருக்கு. இங்கிலாந்து சபை வழி வந்த இலங்கை ஆங்கிலிக்கன் சபைல கொழும்பு, குருநாகல்னு ரெண்டே டயோசிஸ்தானாம், சொந்த ஆர்ச்பிஷப் கிடையாது, இங்கிலாந்து சபையோட தலைமை பிஷப்பான கேன்டர்பரி ஆர்ச்பிஷப்தான் மெட்ரோபாலிட்டனாம் (மத்த பிஷப்புகளுக்கு மேல இருக்கிறவர்). அப்போ இன்னும் இங்கிலாந்துல இருந்தா நடத்துறாங்க?

ஆர்கன்வாசி:
நடத்துறதெல்லாம் இல்லங்க. குருமாரும் சபை பிரதிநிதிகளும் உக்கார்ற டயோசிஸ் கவுன்சில் அங்கயே இருக்கு, வரவு செலவு, சட்டதிட்டம் எல்லாம் அதுலதான். இங்கிலாந்து ராஜாவுக்கோ பார்லிமென்ட்டுக்கோ அங்க ஒரு வேலையும் இல்ல. 1970 வரைக்கும் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, சிலோன் எல்லாம் ஒரே மாகாணம் (ஒரு மெட்ரோபாலிட்டன் கீழ பல டயோசிஸ் சேர்ந்த சபை), மெட்ரோபாலிட்டன் கல்கத்தாவுல. கடைசியா அந்த நாற்காலில இருந்த லக்தாச டி மெல்லே சிலோன்காரர், 1950ல குருநாகலுக்கு முதல் பிஷப் ஆனவர். 1970ல சிஎன்ஐ (வட இந்திய திருச்சபை) உருவாச்சு, பாகிஸ்தான் தனி ஐக்கிய சபை (பல சபைங்க ஒண்ணா சேர்ந்தது), பர்மா தனி மாகாணம்னு ஆளுக்கு ஒரு பக்கம் போக சிலோன் மட்டும் மிச்சம், அதான் கேன்டர்பரி கீழ வந்துச்சு. அங்கயும் ஐக்கிய சபை பேச்சு இருந்துச்சு, கைகூடல.

இதுல உண்மையான சிக்கல் எண்ணிக்கை. புது பிஷப்புக்கு அபிஷேகம் பண்ண மூணு பிஷப் வேணும், 325ல நிசேயா சங்கத்துல இருந்தே இதான் முறை. ரெண்டு பேர்ல ஒருத்தர் ரிட்டயர் ஆனா மிச்சம் ஒருத்தர், வெளில இருந்து ஆள் கூப்பிடாம என்ன பண்றது? அதான் தனி மாகாணம்னா நாலு டயோசிஸாவது இருக்கணும்னு எதிர்பார்க்கிறாங்க.

பனங்கிழங்கு:
யாழ்ப்பாணத்தில எங்கட ஆக்களுக்கே இது குழப்பம்தான். இங்க சிஎஸ்ஐயும் இருக்கு, அமெரிக்கன் மிஷன் வழி வந்தது, 1947ல இருந்து சென்னை சினட்டோட. பரியோவான் கல்லூரி பக்கம் எல்லாம் சிஎம்எஸ் (இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷன்) வழி, அது கொழும்பு பிஷப்புக்குக் கீழ. ஒரே ஊர், ரெண்டு சபைக்கும் மேலிடம் வேற வேற நாட்டில.

ஆர்கன்வாசி:
இன்னொண்ணு, இப்படி நேரா கேன்டர்பரி கீழ இருக்கிற சபைங்க எல்லாமே காலனி மிச்சம்னும் சொல்ல முடியாது. போர்ச்சுகல்லயும் ஸ்பெயின்லயும் உள்ளூர்க்காரங்களே தொடங்கின சின்ன சபைங்க, 1980லதான் கேன்டர்பரி கீழ வந்துச்சு. பெர்முடா ஒரே டயோசிஸ். ஃபாக்லாந்து அதுவும் இல்ல, அங்க பிஷப் அதிகாரமே கேன்டர்பரி கையில, அவர் சார்பா வேற ஒரு பிஷப் பாத்துக்கிறார். கியூபாதான் வித்தியாசம், அமெரிக்க சபைய விட்டு பிரிஞ்சப்புறம் கேன்டர்பரிகிட்ட போகாம கனடா, வெஸ்ட் இண்டீஸ், அமெரிக்கா சபைத் தலைவருங்க சேர்ந்த கவுன்சில் ஒண்ணு மெட்ரோபாலிட்டன் இடத்துல இருந்துச்சு. 2018ல அமெரிக்க சபை திரும்ப சேத்துக்க ஓட்டு போட்டுடுச்சு.

தென்காத்து:
சரி, பிஷப் எலெக்ஷன்ல இழுபறின்னா? எங்க ஊர்ல கோர்ட்டுக்குத்தான் ஓடுவாங்க 😄

ஆர்கன்வாசி:
இலங்கைல முதல்ல டயோசிஸ் கவுன்சில் ஓட்டு போடும், தேவையான மெஜாரிட்டி யாருக்கும் கிடைக்கலைன்னா கேன்டர்பரி நியமிப்பார். கொழும்புல இப்படி நடந்திருக்கு. அவர் கை நிஜமா உள்ள வர்றது அந்த மாதிரி நேரத்துலதான்.